டிரெய்லர் டயருக்கு ஏழு வயது, பட்டன் தேயவே இல்லை: மாற்றத்தான் வேண்டுமா?

டாலஸ் பக்கத்தில் இருக்கிறீர்கள். 2019 மாடல் டிராவல் டிரெய்லர் ஒன்றை, அதாவது பிக்கப்பில் மாட்டி இழுத்துப் போகும் தங்கும் வண்டியை, செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். இரட்டை ஆக்சில், நான்கு டயரும் வண்டியோடு வந்தவை: எஸ்டி205/75ஆர்14 (எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்த டயர்), லோட் ரேஞ்ச் சி (தாங்கும் சுமையின் தரக் குறி), தேதிக் குறி 1419. பட்டன் (தரையைத் தொடும் வரிப் பகுதி) புதுசு போலவே இருக்கிறது, வெடிப்பு கண்ணில் படவில்லை, டயர் கடைக்காரரும் "இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்" என்கிறார். ஜூனில் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டம். மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கேள்வி வயதைப் பற்றியது போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: வெளியே குறையில்லாத டயர் உள்ளேயும் அப்படித்தான் இருக்கிறதா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? உறுதியாகக் கண்டுபிடிக்க வழி கிடையாது. அதனால்தான் கிளம்பும் முன் நான்கையும், ஸ்டெப்னியோடு சேர்த்து, மாற்றிவிடுங்கள் என்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அடுத்த செட் போட்ட பிறகும் இதே கேள்வி உங்களுக்கு வரும்.

கார் டயரை வைத்து டிரெய்லர் டயரை எடை போடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கார் தினமும் ஓடுகிறது. முடுக்கம், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்து நாலைந்து வருடத்தில் பட்டனைத் தேய்த்துவிடும். டயரின் உடம்பு கெடுவதற்குள் அது மொட்டையாகிக் கழற்றப்பட்டுவிடுகிறது. டிராவல் டிரெய்லர் அப்படி இல்லை. வருடத்துக்குச் சில ஆயிரம் மைல் ஓடினாலே அதிகம். இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் முன்னால் போகும் பிக்கப்புக்கு. ஆகவே டிரெய்லரில் பட்டன் தேய்வதற்கு முன் டயரின் உள்கட்டுமானம்தான் முதலில் சாகும். பட்டன் ஆழத்தைப் பார்த்து முடிவெடுப்பது இங்கே உதவாது. சட்டம் சொல்லும் 2/32 அங்குல எல்லையைத் தொடாமலேயே வெடித்துப் போகும் டிரெய்லர் டயர்கள்தான் அதிகம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரேடியல் டயரில் பட்டனுக்குக் கீழே இரண்டு அடுக்கு ஸ்டீல் பெல்ட் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, கம்பிகளைப் பிடித்து நிறுத்துவது ஒரு மெல்லிய ரப்பர் அடுக்கு. டயருக்குள் அடைத்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதுவும் அழுத்தத்தோடு இருக்கிறது. உள்பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பருக்குள் ஊடுருவி வெளியேறும். போகிற வழியில் இந்த நடு அடுக்கு ரப்பரோடு வினைபுரிந்து அதை இறுக வைக்கிறது. நீளும் தன்மை குறைகிறது. இறுகிய ரப்பரில் பெல்ட் ஓரத்தில் முடி அளவு விரிசல் விழும். ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு துளி வளரும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒரு நாள் வெயிலில், வேகத்தில், மேல் பெல்ட்டும் பட்டனும் பட்டையாக உரிந்து வந்துவிடும். நெடுஞ்சாலை ஓரங்களில் பாம்புச் சட்டை போலக் கிடக்கும் ரப்பர் பட்டைகளில் பல இப்படி வந்தவைதான்.

இரட்டை ஆக்சில் டிரெய்லருக்கு இதில் ஒரு கூடுதல் தண்டனை உண்டு. இரண்டு ஆக்சிலும் நிலையாக ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன; வண்டி திரும்பும்போது எந்தச் சக்கரமும் தானாகத் திரும்பாது. அதனால் வளைவில் முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் எதிர்ப்பக்கமும் தரையில் இழுபடும். கேம்ப் சைட்டில் பின்னால் எடுத்து நிறுத்தும்போது சக்கரத்தின் அருகே நின்று பாருங்கள்: டயரின் அடிப்பகுதி தரையைக் கவ்விப் பிடித்திருக்க, ரிம் பக்கவாட்டில் ஓரிரு அங்குலம் நகர்ந்திருக்கும். இந்த முறுக்கல் முழுவதையும் தாங்குவது மேலே சொன்ன அதே பெல்ட் ஓரம். கார் டயர் ஒன்று இந்த வகை இழுப்பை வாழ்நாளில் சந்திப்பதில்லை. கார் டயருக்குச் சொல்லும் வயதை அப்படியே டிரெய்லருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், நீங்கள் இருக்கும் ஊர். ஆக்சிஜன் செய்யும் வேலையை வெப்பம் பல மடங்கு வேகப்படுத்துகிறது. பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவான தோராயம். என்எச்டிஎஸ்ஏ, அதாவது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 2007-இல் காங்கிரசுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு பெரிய இன்சூரன்ஸ் நிறுவனத்தின் 2002 முதல் 2006 வரையிலான கணக்கு இருக்கிறது. டெக்சஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து மாநிலங்களில் இருந்த பாலிசிதாரர்கள் 27 சதவீதம். டயர் தொடர்பான கோரிக்கைகளில் இந்த மாநிலங்களிலிருந்து வந்தவையோ 77 சதவீதம். அவற்றில் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். டிரெய்லர்களை மட்டும் எடுத்துச் செய்த கணக்கு இல்லை இது. ஆனாலும் வெயிலும் வயதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் குறைவு. உங்கள் டயர் ஏழு டெக்சஸ் கோடைகளைப் பார்த்திருந்தால், மினசோட்டாவில் ஷெட்டுக்குள் நின்ற அதே வயது டயரோடு அதை ஒப்பிடவே முடியாது.

"வெடிப்பு இல்லையே" என்கிறீர்கள். பக்கச்சுவரில் தெரியும் மெல்லிய வெடிப்புகள் பெரும்பாலும் ஓசோனும் வெயிலும் செய்யும் வேலை. அதைத் தடுக்க ரப்பரில் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருப்பார்கள். டயர் ஓடி வளைந்து நிமிரும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வரும். மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லரில் அந்த ஓட்டம் நின்றுபோகிறது, அதனால் வெடிப்பு சீக்கிரம் வருகிறது. வெடிப்பு இருந்தால் அது கெட்ட அடையாளம், சந்தேகமில்லை. ஆனால் மேற்பரப்பில் நடப்பது ஒன்று, பெல்ட் நடுவே நடப்பது வேறொன்று. கவர் போட்டுப் பளபளவென்று வைத்திருந்த டயரும் உள்ளே இறுகிப் போயிருக்கலாம். எனவே பார்த்துச் சோதிப்பதால் ஒரு டயரைக் கழித்துக்கட்ட முடியும். அது நல்ல டயர் என்று சான்று கொடுக்க முடியாது. உங்கள் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, எத்தனை வருடம்? இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சட்டத்தில் டயருக்கு வயது வரம்பு இல்லை. கார் கம்பெனிகள் சில ஆறு வருடம் என்கின்றன. மிஷலின் போன்ற டயர் கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதனை, எப்படியிருந்தாலும் பத்து வருடத்தில் மாற்றம் என்கின்றன. இவை கார் டயரை மனதில் வைத்துச் சொன்னவை. டிரெய்லர் டயர் விற்பவர்கள் மூன்று முதல் ஐந்து வருடம் என்பார்கள். "மூன்றே வருடத்தில் டயரின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்" என்றும் ஒரு வாசகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லா டயருக்கும் பொருந்தும் அளவீடாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். சுமையும் வெயிலும் காற்றழுத்தமும் தெரியாமல் அப்படி ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2000-இல் பயர்ஸ்டோன் டயர் விவகாரம் வெடித்த பிறகு கார் டயர்களுக்கும் இலகு டிரக் டயர்களுக்கும் சோதனைகளைக் கடுமையாக்கி 139 என்ற எண்ணில் புதுத் தரம் வந்தது. எஸ்டி டயர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அவை பழைய 119-ஆம் எண் தரத்திலேயே இருக்கின்றன. நல்ல கம்பெனிகள் தாங்களாகவே கூடுதலாகச் சோதிக்கலாம், ஆனால் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் தாழ்ந்தே இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் சொல்லும் கணக்கு: டெக்சஸ், அரிசோனா மாதிரி வெயில் ஊரில் திறந்த வெளியில் நிற்கும் வண்டி, சுமை எல்லைக்குப் பக்கத்தில் என்றால் ஐந்து வருடம். குளிர்ந்த ஊர், நிழல், சுமையில் 15 சதவீதத்துக்கு மேல் மிச்சம், தவறாமல் காற்றுச் சோதனை என்றால் ஆறு, மிஞ்சிப் போனால் ஏழு. அதற்கு மேல் போகும் டயர்கள் உண்டு. எது போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

சுமைக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வயதைவிட இதுதான் பல டயர்களைக் கொல்கிறது. உங்கள் அளவில் லோட் ரேஞ்ச் சி டயர் 50 பிஎஸ்ஐ காற்றில் தாங்கும் அதிகபட்சம் 1,760 பவுண்டு. டிரெய்லரில் தண்ணீர், காஸ், சாமான், அரிசி மூட்டை எல்லாம் ஏற்றி, பிக்கப்போடு மாட்டிய நிலையில் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடை மேடையில் நிறுத்துங்கள். டிரெய்லர் ஆக்சில் இரண்டும் சேர்ந்து 6,400 பவுண்டு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கால் வகுத்தால் 1,600. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் எந்த டிரெய்லரும் நான்கு சக்கரத்திலும் சமமாக உட்காருவதில்லை. ஸ்லைட் அவுட் (வெளியே தள்ளி விரிக்கும் அறைப் பகுதி), ஃபிரிட்ஜ், சமையலறை ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் 10 சதவீதம் கூடுவது சாதாரணம். 1,600-இல் 10 சதவீதம் கூட்டினால் 1,760. அதாவது அந்தப் பக்க டயர்கள் இரண்டும் முதல் நாளிலிருந்தே நூற்றுக்கு நூறு சுமையில் ஓடுகின்றன. காற்று நாலு பிஎஸ்ஐ குறைந்தால் அதே நிமிடம் ஓவர்லோட். இப்படி ஏழு வருடம் ஓடிய டயரை "பட்டன் இருக்கிறதே" என்று யெல்லோஸ்டோன் வரை, ஒரு வழிக்கே 1,300 மைலுக்கு மேல், நம்பிக் கூட்டிப் போகக் கூடாது. உங்கள் வண்டியின் எடை வேறாக இருக்கலாம், ஆகவே எடை போடாமல் விடாதீர்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டுத் தருபவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

தேதிக் குறியை வாசிப்பது எளிது, கண்டுபிடிப்பதுதான் சிரமம். டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 1419 என்றால் 2019-இன் 14-வது வாரம், ஏப்ரல் தொடக்கம். முழு வரிசை டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பது விதி. மறுபக்கத்தில் தேதியில்லாத அரைகுறை வரிசை இருக்கலாம். ஒரு டயரில் பார்த்துவிட்டு மற்ற மூன்றும் அதேதான் என்று முடிவு கட்டாதீர்கள். வண்டிக்கு அடியில் போனை நீட்டி உள்பக்கத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஒரு டயர் மட்டும் வேறு வருடமாக இருந்தால், அந்த இடத்தில் முன்பு ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பக்கத்து டயரைச் சந்தேகப்படுங்கள்: இரட்டை ஆக்சிலில் ஒரு டயர் காற்றிழந்தால் அதன் சுமையில் பெரும்பகுதி அதே பக்கத்து ஜோடி டயர் மேல் விழும். அப்படிச் சில மைல் ஓடியிருந்தால் அந்த ஜோடி டயரும் முடிந்தது, வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வயது குறைவான டயரை வைத்திருப்பவர்களும் வருடத்துக்கு ஒருமுறை, நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை, செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மறுபக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை வண்டியின் அடிச்சட்டத்தில் (ஃபிரேமில்) கொடுத்துத் தூக்குங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் கொடுத்தால் அது வளைந்து, பிறகு டயர் ஓரம் தேய ஆரம்பிக்கும். வண்டி உறுதியாக நிற்க ஸ்டாண்ட் வைத்த பிறகு, ஒரு மரத்துண்டைத் தரையில் நிறுத்தி அதன் நுனி பட்டனைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் பட்டன் மேடாக எழும்பி வந்தால், அல்லது பட்டன் வரி பாம்பு போலப் பக்கவாட்டில் நெளிந்தால், உள்ளே பெல்ட் பிரிய ஆரம்பித்துவிட்டது. அந்த டயர் அன்றோடு சரி. ஓரிடத்தில் மட்டும் பட்டன் அதிகமாகத் தேய்ந்திருப்பதும் இதே அறிகுறியாக இருக்கலாம். பிறகு உள்ளங்கையால் பட்டன் முழுவதையும், வெளி உள் இரண்டு பக்கச்சுவரையும் தடவுங்கள்; கண் தவறவிடும் வீக்கத்தைக் கை பிடிக்கும். வெடிப்பு, நகம் உள்ளே இறங்கும் ஆழத்தில் இருந்தால், அல்லது நூல் தெரிந்தால், பேச்சே இல்லை. காரில் இப்படி ஒரு மேடு இருந்தால் ஸ்டியரிங் அதிர்ந்து சொல்லிவிடும். டிரெய்லரில் அந்த அதிர்வு பிக்கப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு வராது. டிரெய்லருக்குள் அலமாரிக் கதவு திறந்து கிடப்பது, திருகு கழன்று விழுவது, ஒரு சக்கரத்தின் மேல் இருக்கும் சாமான் மட்டும் கலைந்திருப்பது: இவற்றை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டயர் மாற்றும் செலவை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 60 மைல் வேகத்தில் உரியும் பட்டன் சாட்டை மாதிரி சுழன்று அடிக்கும். சக்கர வளைவின் மெல்லிய பிளாஸ்டிக், அதற்கு மேலே தரைப் பலகை, பிரேக் ஒயர், சில வண்டிகளில் காஸ் குழாய், கழிவுநீர் வால்வு எல்லாம் அதன் வழியில் இருக்கின்றன. ஐந்து புது டயரின் விலையைவிட இந்தச் சேதத்தின் பில் பல மடங்கு. வண்டி ஆடி நிலைகுலைந்தால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை.

புதுசு வாங்கும்போது அதே அளவில் லோட் ரேஞ்ச் டி கேளுங்கள். அது 65 பிஎஸ்ஐ காற்றில் 2,040 பவுண்டு தாங்கும். மேலே சொன்ன 1,760 பவுண்டு சக்கரத்தில் கிட்டத்தட்ட 14 சதவீதம் மிச்சம் கிடைக்கிறது. இதில் பலர் தவறுவது ஓரிடத்தில்: டி டயரைப் போட்டுவிட்டு வண்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் 50 பிஎஸ்ஐயே அடிக்கிறார்கள். 50 பிஎஸ்ஐயில் டி டயரும் 1,760 பவுண்டுதான் தாங்கும். சுமையைத் தூக்குவது காற்று. கூடுதல் அடுக்கு அந்தக் காற்றைப் பிடித்து வைக்க மட்டுமே. அதோடு உங்கள் வீல் 65 பிஎஸ்ஐ தாங்குமா என்று வீலின் உள்பக்கம் அல்லது நட் துளை அருகே அடித்திருக்கும் குறியைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். வீலின் எடை வரம்பு 2,040-க்குக் கீழே இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் உங்கள் எல்லை. வால்வும் அப்படியே: ரப்பர் வால்வுகளில் சாதாரண வகை 65 பிஎஸ்ஐ வரைதான், அதுவும் விளிம்பில். இறுக்கிப் பொருத்தும் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். வெளியே திருகும் டிபிஎம்எஸ், அதாவது டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியின், சென்சார் எடையையும் அது தாங்கும். பழைய வால்வோடு புது டயர் போடவே வேண்டாம்.

எஸ்டியா, எல்டி எனப்படும் இலகு டிரக் டயரா என்று விவாதம் வரும். உங்கள் 14 அங்குல வீலுக்கு அந்தக் கவலை இல்லை, எஸ்டிதான். 16 அங்குல வீல் வைத்திருப்பவர்களுக்கு எல்டி நல்ல தேர்வாகலாம், ஆனால் ஒரே அளவில் எல்டியின் சுமை எண் எஸ்டியைவிடக் குறைவு; எண்ணைப் பார்க்காமல் மாற்றக் கூடாது. கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன் சுமை எண்ணை 1.10-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும், பக்கச்சுவரும் மெலிது, தவிர்த்துவிடுங்கள். பிராண்டைப் பொறுத்தவரை அமெரிக்காவில் செய்யப்படும் குட்இயர் என்டியூரன்ஸ் 2017-இல் வந்ததிலிருந்து டிரெய்லர்காரர்களிடையே நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. அதன் வேகக் குறி 'N', அதாவது மணிக்கு 87 மைல். மேக்சிஸ், கார்லைல் எடுப்பவர்களும் நிறைய. எதை எடுத்தாலும் கடைக்குப் போனதும் முதல் வேலை, ரிம்மில் ஏற்றுவதற்கு முன் தேதிக் குறியைப் பார்ப்பது. ஆறு மாதத்துக்கு உட்பட்டது நல்லது. ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நான்கும் கழன்றிருக்கும் நேரத்திலேயே பேரிங் கிரீஸ், பிரேக், ஸ்பிரிங் மாட்டும் போல்ட்டுகளின் தேய்மானம் எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பழைய டயர்களில் ஏதாவது ஒன்று ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அதைத் தூக்கிப் போடும் முன் எந்தச் சக்கரம் என்று குறித்துவையுங்கள். ஆக்சில் வளைந்திருக்கலாம், அப்படியென்றால் புது டயரையும் அது தின்றுவிடும்.

காற்று எப்போதும் காலையில், வெயில் படுவதற்கு முன், ஓடாத டயரில் பார்க்க வேண்டும். எஸ்டி டயருக்குப் பக்கச்சுவரில் இருக்கும் அதிகபட்ச அழுத்தமே சரியான அழுத்தம். அது குளிர்ந்த நிலைக்கான எண். பத்து டிகிரி பாரன்ஹீட் ஏறினால் ஏறத்தாழ 2 சதவீதம் அழுத்தம் ஏறும். மதியம் 65 என்பது 74 காட்டினால் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள், அந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். யெல்லோஸ்டோனில் இன்னொரு விஷயம் நடக்கும். பூங்காவின் பெரும்பகுதி ஏழெட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் மட்டும் கேஜில் மூன்றரை பிஎஸ்ஐ கூடும். ஆனால் ஜூன் காலையில் அங்கே குளிர் நாற்பது டிகிரி பாரன்ஹீட்டுக்கும் கீழே போகும், டாலஸ் காலையைவிட நாற்பது டிகிரி குறைவு. அதனால் ஐந்தாறு பிஎஸ்ஐ இறங்கும். இரண்டும் சேர்ந்து கேஜ் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அங்கேயே காலையில் 65-க்குச் சரிசெய்துகொள்ளுங்கள், திரும்பி இறங்கி வரும் வழியில் மறுபடி பாருங்கள்.

டிபிஎம்எஸ் கட்டாயம் வாங்குங்கள். குறைந்த அழுத்த எச்சரிக்கையை 10 சதவீதக் குறைவிலும், அதிக அழுத்தத்தை 25 சதவீத உயர்விலும் வைக்கலாம். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: காற்றுக் கசிவை அது சொல்லும், பெல்ட் பிரிவதைச் சொல்லாது. பிரியும் டயர் கடைசி நொடி வரை முழுக் காற்றோடு இருக்கும். வால்வு நுனியில் இருக்கும் சென்சார் காட்டும் வெப்பமும் டயருக்கு உள்ளே இருப்பதைவிடக் குறைவு. நிறுத்தும் இடங்களில் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் நான்கு டயரையும் ஹப்பையும் பாருங்கள். எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஒரே பக்கத்தில் ஒன்று மட்டும் மற்றதைவிட 20 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அங்கே ஏதோ கோளாறு. ஒரு டயர் எப்போதாவது 20 சதவீதத்துக்கு மேல் காற்று குறைந்து ஓடிவிட்டால் வெறுமனே காற்று நிரப்பிக் கிளம்பாமல், கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும்.

வேகம்: தனிக் குறி இல்லாத எஸ்டி டயர்கள் 65 மைலுக்கு என்று செய்யப்பட்டவை. நீங்கள் போகப்போகும் 287-ஆம் நெடுஞ்சாலையில் அமரில்லோ பக்கம் 75 மைல் அனுமதி உண்டு. 'N' குறி டயர் போட்டாலும் 62, 65-க்குள் ஓட்டுங்கள். வெப்பம் வேகத்தோடு ஏறுகிறது, வெப்பம்தான் வயதாக்குகிறது.

பயணம் முடிந்து வந்ததும் புது டயரைக் கெடுக்காமல் வைப்பது பெரிய வேலை இல்லை. வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளைக் கவர். சோப்பும் தண்ணீரும் போதும். பளபளப்புக்காகப் பூசும் பெட்ரோலிய எண்ணெய்கள் மெழுகை எடுத்துவிடும். நிற்கும்போதும் முழுக் காற்று. மாதம் ஒருமுறை கொஞ்சம் ஓட்டினால் நல்லது. பலகை மேல் நிறுத்தினால் ஆயுள் கூடுமா என்று கேட்பார்கள். கூடும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை, ஆனால் வைப்பதானால் டயரின் முழு அடிப்பாகமும் பலகைக்குள் இருக்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பினால் உள்ளிருந்து வரும் ஆக்சிடேஷன் குறையும் என்பது சோதனைச்சாலையில் உண்மை. மாதம்தோறும் காற்றுப் பார்ப்பவருக்கு அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடாத டயருக்கும் வயது ஓடுகிறது, பின் பம்பரில் வெயிலில் தொங்குவதற்கு இன்னும் வேகமாக. காசு இடித்தால் நான்கு புதியதைப் போட்டுவிட்டு, பழையவற்றில் ஒன்றை அல்ல, ஓடவே ஓடாத அந்தப் பழைய ஸ்டெப்னியையே இந்த ஒரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் மாட்டி ஓட்ட வேண்டி வந்தால் 50 மைலுக்கு மேல் வேகம் வேண்டாம், அடுத்த டயர் கடையோடு நிறுத்துங்கள்.

புது டயர் மாட்டிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து நட்சத்திர வரிசையில், அரை அங்குல ஸ்டட் என்றால் மூன்று கட்டமாக 90 முதல் 120 அடி-பவுண்டுக்கு இறுக்க வேண்டும். உங்கள் ஆக்சில் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. பிறகு 10, 25, 50 மைலில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். இதை யெல்லோஸ்டோன் கிளம்பும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். மே மாதம் ஒரு வார இறுதியில், முழுச் சாமானோடு ரே ராபர்ட்ஸ் ஏரி வரை போய் வாருங்கள். நட் இறுக்கம், காற்று, ஒவ்வொரு டயரின் சூடு, சென்சார் சரியாக வேலை செய்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஏதாவது சரியில்லை என்றாலும் டயர் போட்ட கடை பக்கத்திலேயே இருக்கிறது.